ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விமானம்: இந்த இடைவெளியை யார் கணக்கிடுகிறார்கள்?

ஹவுன்ஸ்லோ வாசி:
வீடு லண்டன் ஹவுன்ஸ்லோவில், ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலேதான் போகும். மகளுக்கு விடுமுறை, பொழுது போகவில்லை என்று ஸ்டாப்வாட்ச்சோடு தோட்டத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். பெரும்பாலும் 80, 90 வினாடிக்கு ஒன்று வருகிறது. ஆனால் ஏ380 என்ற மிகப் பெரிய விமானம் ஒன்று போனபின் அடுத்தது வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. இதையெல்லாம் முடிவு செய்வது விமானியா, டவரில் இருப்பவரா?

இன்னொன்று. போன மாதம் ஒரு பயணத்தில், தரையில் போகும் கார்கள் தெரிகிற உயரத்துக்கு வந்தபிறகு விமானம் சட்டென்று மேலே ஏறிவிட்டது. முன்னால் இறங்கியது இன்னும் ரன்வேயை விட்டு விலகவில்லை என்றார் விமானி. மனைவிக்கு அன்றிலிருந்து விமானம் என்றாலே பயம். அவ்வளவு நெருக்கமாக விடலாமா?

பழைய ரேடார்:
நான் வேறொரு நாட்டில், இறங்க வரும் விமானங்களை வழிநடத்தும் அப்ரோச் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். டவர் கடைசிக் கட்டம்தான், வரிசை கட்டும் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும். ஹீத்ரோவுக்கு வருபவை முதலில் பொவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் என்ற நான்கு இடங்களில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக 1,000 அடி உயர வித்தியாசத்தில் வட்டமடித்துக் காத்திருக்கும். அங்கிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்து, திருப்பி, வேகம் குறைத்து ஒரே கோட்டில் கோப்பவர் விமான நிலையத்திலேயே இல்லை, ஹாம்ப்ஷயரில் ஸ்வான்விக் என்ற ஊரில் ரேடார் திரைக்கு முன்னால் இருக்கிறார். 'நான்கு மைல் வரை 160 நாட்', அதாவது ரன்வேக்கு நான்கு கடல் மைல் இருக்கும்வரை மணிக்கு 160 கடல் மைல் வேகம், என்று சொல்லி எல்லாரையும் ஒரே வேகத்தில் பிடித்து வைத்தால்தான் இடைவெளி கலையாது.

ஏ380 விஷயம் இறக்கை நுனியில் கிளம்பும் சுழல்காற்று. கண்ணுக்குத் தெரியாது, மெல்லக் கீழே இறங்கும், பின்னால் வரும் சின்ன விமானத்தைப் பக்கவாட்டில் புரட்டிவிடும். 1972 மே 30 அன்று டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு டிசி-9, பெரிய டிசி-10-க்குப் பின்னால் இறங்கப்போய் இப்படித்தான் புரண்டு விழுந்தது, பயிற்சிப் பறப்பு, நால்வர் இறந்தார்கள். எடையை வைத்து இடைவெளி வைக்கும் விதிகள் அதன்பின் இறுகின. நான் வேலை பார்த்த காலத்து சர்வதேசப் பட்டியலில் பெரிய ஜெட்டுக்குப் பின்னால் ஏ320 மாதிரி நடுத்தரம் வந்தால் 5 கடல் மைல், ஏ380-க்குப் பின்னால் என்றால் 7. ஹீத்ரோவில் இப்போது இதையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பகுதியில் இந்தச் சுழல் கூரை ஓடுகளையே பெயர்த்துவிடும். ஓடுகளை இறுக்கித் தர விமான நிலையமே ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

காற்றுக்கணக்கு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 140 நாட் வேகத்தில் 3 கடல் மைல் இடைவெளியைக் கடக்க 77 வினாடி. 40 நாட் எதிர்க்காற்று அடித்தால் தரைவேகம் 100 ஆகிவிடும், அதே 3 மைலுக்கு 108 வினாடி. காற்று பலமாக அடிக்கிற நாளில் இறங்கும் எண்ணிக்கை குறைந்து, தாமதம் மலைபோல் சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் பலத்த காற்றில் சுழலும் சீக்கிரம் கலைந்துவிடும் இல்லையா? அதனால் 2015 முதல் ஹீத்ரோவில் மைலுக்குப் பதில் நேரத்தை வைத்து இடைவெளி விடுகிறார்கள், உலகத்திலேயே முதலில் செய்தது அங்கேதான்.

பழைய ரேடார்:
கோ-அரவுண்டை, அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுவதை, மறந்துவிட்டேன். அண்ணி பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ரன்வே காலியாகவில்லை என்றால் மேலே ஏறு என்பதுதான் விதி, விமானிகள் இதை சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகுகிறவர்கள். பயப்பட வேண்டியது ரன்வேயில் இன்னொரு விமானம் இருப்பது யாருக்கும் தெரியாமல் போகும்போதுதான். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் கடலோரக் காவல்படை விமானம் ரன்வேக்குள் வந்துவிட்டது, இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன்மேல் மோதியது. ஏ350-இல் இருந்த 379 பேரும் தப்பினார்கள், சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் போய்விட்டார்கள்.

ஹவுன்ஸ்லோ வாசி:
நன்றி அண்ணா, இருவருக்கும். மகள் இப்போது காற்றடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறாள். மனைவிக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், பேசாமல் எழுந்துபோய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்தாள். ஓடுகளை இறுக்கித் தரும் அந்தத் திட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது?