யூ ஸ்ட்ரீட் பழைய படங்கள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மழைக்காகம்:
வாஷிங்டனில் கருப்பினத்தவர் நிறைந்திருந்த யூ ஸ்ட்ரீட் பக்கம் இருந்தவர்களுக்கு, அவர்களைத் தலைமுறைகளாகப் படமெடுத்த ஸ்கர்லாக் ஸ்டுடியோவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் வாடகைக்கு இருந்தது பழைய செங்கல் வீடு, உள்ளே எல்லாம் புதுசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வயதான கருப்பினப் பெண்மணி ஒருவர், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கல்யாணப் படம். என்ன வேண்டும் என்று கேட்டதும் படத்தை என்னிடம் நீட்டி, படிக்கட்டுப் பக்கத்தில் சுவரோடு வைத்துப் பிடிக்கச் சொன்னார், போனில் எடுக்க வேண்டுமாம். படத்திலும் அதே இரும்புப் படி, கைப்பிடியில் அதே சுருள் வேலைப்பாடு, அதன்மேல் தொப்பியும் கையுறையுமாக ஒரு கூட்டமே நெருக்கியடித்து நிற்கிறது. பிடித்துக்கொண்டேன். அவர் எடுக்காமல் கிட்டே வந்து என் கட்டைவிரலை மெல்ல நகர்த்தினார். கீழே மணப்பெண்ணின் முகம். "எங்கம்மா" என்றார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். "வேண்டாம், உள்ளே எதுவும் மிச்சமிருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. வீட்டு விலை ஏறி ஏறியே இவரைப் போன்றவர்களைத் துரத்திவிட்டது.

ஏழாம்தெரு:
அக்கா, விலை மட்டும்தான் காரணம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் முடிவெட்டப் போகும் கடையில் சுவர் முழுக்க அந்தத் தெருவின் பழைய படங்கள். கடையைக் காலி செய்கிற சமயம் போயிருந்தேன். பெரியவர் ஒவ்வொன்றாகக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே சொல்கிறார்: இந்தக் கடை 1968-இல், மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்றதும் வெடித்த கலவரத்தில் எரிந்தது, இது மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டதில் ஆள் வராமல் மூடியது, இது வரி கட்ட முடியாமல் போனது. 1991-இல் மெட்ரோ ஸ்டேஷன் திறந்தபோது, அதற்காகவே பொறுத்திருந்த பல கடைக்காரர்கள் அங்கே இல்லை. ஆனால் வீட்டை விற்றவர்களில் சிலருக்கு நல்ல விலை கிடைத்தது, அதையும் சொல்லணும்.

வைகைக்கரை:
விற்றவருக்கு விலை கிடைத்தது, சரி. வாடகைக்கு இருந்தவர் எதை விற்பார்? கருப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்ததால் சாக்லேட் சிட்டி என்று கொண்டாடப்பட்ட ஊர் இது. 1970-இல் நூற்றுக்கு 71 பேர் கருப்பினத்தவர், 2011 வாக்கில் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள்.

என் அனுபவம் சின்னது. ஒரு கண்காட்சியில் பள்ளிக்கூடப் படம் ஒன்றின் முன்னால் ஒரு தாத்தா, வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு பையனிடம் நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுப் பையனாம். கடைசி வரை பெயர் வரவில்லை.

அதனால் சொல்கிறேன், வீட்டில் பழைய படம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பெயர்களை எழுதிவையுங்கள். பின்பக்கம், ஓரமாக, மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம், தடம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்காதீர்கள், அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள், ஸ்கேனரில் நுணுக்க அளவு 600 டிபிஐ என்று வைத்தால் போதும். அப்புறம் அதைத் திரையில் பெரிதாக்கிப் பெரியவர்களிடம் காட்டி, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். ஆளை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் கடைப் பலகையைப் பற்றிப் பேசுவார்கள், குறுக்கிடாதீர்கள், தெருவின் கதை அதில்தான் வரும்.

மழைக்காகம், அந்தப் படத்தின் மூலையில் ஸ்கர்லாக் கையெழுத்து இருந்ததா? அந்த ஸ்டுடியோவின் சேகரிப்பு 1997-இல் ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக அமைப்புக்குப் போய்விட்டது, அதன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அம்மாவை மறுபடி பார்த்தால் சொல்லுங்கள், அவர் அம்மாவின் நெகட்டிவ் இருக்கிறதா என்று எழுதிக் கேட்கலாம்.