சபைக்குள் ஒப்புரவு: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

இருமொழிச் சபையிலிருந்து ஒரு சகோதரி:

எங்கள் சபையில் இரண்டு மொழிக்காரர்கள் சேர்ந்து ஆராதிக்கிறோம். பெரும்பான்மை மொழி என்னுடையது. பிரசங்கம், அறிவிப்பு, ஜெபம் எல்லாம் அதில்தான். மற்றவர்கள் கடைசி வரிசைகளில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்பார்கள். கருவி வாங்கிக் கொடுத்ததையே பெரிய உபகாரமாக நினைத்திருந்தோம். அதனால் அவர்கள் தனி ஆராதனை நேரம் கேட்டபோது பலருக்கும் கோபம் வந்தது. "இவ்வளவு செய்தும் பிரிந்துபோகப் பார்க்கிறார்களே" என்று நானும்தான் பேசினேன்.

கமிட்டிக் கூட்டம் இரண்டு முறை சண்டையில் முடிந்தது. மூன்றாவது கூட்டத்தில், அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்தார். அவர் அந்த மொழிக்காரர். "ஒரே ஒரு ஞாயிறு நீங்கள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு பேசலாம்" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

மாட்டிக்கொண்டோம். அன்று ஆராதனை அவர்கள் மொழியில் நடந்தது. எனக்குக் கிடைத்த ஹெட்ஃபோனில் இடது காதுப் பஞ்சு பிய்ந்திருந்தது. வயரை டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். யாரோ பல மாதங்களாக அதை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். போதகர் ஏதோ சொன்னார், அவர்கள் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பு என் காதுக்கு வந்து நான் சிரித்தபோது சபை அமைதியாகிவிட்டிருந்தது. என் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. பாட்டு தொடங்கியதும் மொழிபெயர்ப்பாளர் நிறுத்திவிட்டார். எனக்கு எழுத்துத் தெரியாத பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்தபடி நின்றேன். ஆண்டவர் என்னைத் தள்ளிவிடவில்லை என்று தெரியும். ஆனாலும் விருந்தாளியாக நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை அதன் பிறகு வேறு கண்ணோடு வாசிக்கிறேன். எருசலேம் சபைக்குள் எழுந்த அந்த முறுமுறுப்பும் மொழி சார்ந்ததுதான். தினசரிப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை. அதைச் சரிசெய்யத் தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். எங்கள் கமிட்டியில் இப்போது அவர்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் ஹெட்ஃபோன் மாட்டுகிறோம். தனி நேரம் வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பெண் எடுத்த ஒருவர்:

சகோதரி, விருந்தாளி என்ற சொல் என்னைத் தொட்டது. நான் சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவன். மனைவியோடு முதன்முறை திருப்பலிக்குப் போனபோது, எனக்கு நற்கருணை கிடையாது, மார்பில் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் குருவானவர் ஆசி மட்டும் தருவார் என்றார்கள். எனக்கு அது அவமானமாகப் பட்டது. எழுந்திருக்கவே இல்லை.

என் மாமனார் நற்கருணையைத் தவறவிடாத மனிதர். வரிசை எங்கள் இருக்கையைத் தாண்டிப் போனது. அவர் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்திலேயே, முழங்கால்மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவியான மனிதன் கடவுள்முன் நீதிமானாக ஏற்கப்படுவது பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 16-ஆம் நூற்றாண்டில் சபையைப் பிளந்த கேள்வியின் அடிப்படை உண்மைகளில் உடன்பட்டார்கள். அப்படியும் நற்கருணைப் பந்தி இன்னும் ஒன்றாகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அது வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

சபைக் கணக்கோடு தொடர்புடைய ஒருவர்:

நான் எழுதுவது என் தவறு. எங்கள் பொருளாளர் ஒரு பெரிய செலவுக்கு ரசீது வைக்கவில்லை என்று எனக்குப் பட்டது. மத்தேயு 18 என்ன சொல்கிறது என்பது எனக்கு மனப்பாடம்: முதலில் தனியே போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நான் மூன்றாம் படியிலிருந்து தொடங்கினேன். நிறைந்த கூட்டத்தில், அவர் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க, எழுந்து கேட்டேன். ரசீது வேறு கோப்பில் இருந்தது, மறுநாளே கிடைத்தது. அவர் பொறுப்பை விட்டு விலகிவிட்டார். எட்டு மாதம் ஆலயத்துக்கே வரவில்லை.

அந்த நாட்களில்தான் இங்கிலாந்திலுள்ள கவென்ட்ரி பேராலயத்தைப் பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில், 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மனியின் குண்டுவீச்சில் அது எரிந்து இடிந்தது. அங்கே தலைமைக் குருவாக இருந்த ரிச்சர்ட் ஹோவர்ட் பழிவாங்கும் பேச்சை மறுத்தார். பலிபீடத்துக்குப் பின்னாலிருந்த சுவரில் "பிதாவே, மன்னியும்" என்று மட்டும் பொறிக்கச் செய்தார். சிலுவையில் ஆண்டவர் "இவர்களுக்கு" என்றும் சொன்னார் அல்லவா? அந்தச் சொல் சுவரில் இல்லை. குண்டு போட்டவர்களும் இடிபாட்டில் நிற்பவர்களும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் என்பது அதன் பொருள்.

நான் அதுவரை ஜெபித்ததெல்லாம் "அவருக்கு நல்ல மனதைத் தாரும்" என்றுதான். புத்தகத்தை மூடிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, "அண்ணா, தனியாக வந்து கேட்டிருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் உங்கள் பெயரைக் கெடுத்தேன்" என்றேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை. கதவையும் சாத்தவில்லை. "அதே கூட்டத்தில் சொல்வாயா?" என்று கேட்டார். சொன்னேன். கால் நடுங்கியது.

இப்போது ஆராதனைக்கு வருகிறார். என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் காணிக்கை எண்ணும் பொறுப்பை மறுபடியும் ஏற்றுக்கொண்டிருக்கிறார், எண்ணுவதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். இந்த ஞாயிறு அட்டவணையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. ஜெபித்துக்கொள்ளுங்கள்.