ட்ரஃப் லெவல்: 'வேளைமுன் செறிவு' என்று சொல்லலாமா?

வணக்கம்.

அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்னால், இரத்தத்தில் அந்த மருந்து மிகக் குறைவாக இருக்கும்போது அளக்கும் செறிவைத்தான் ஆங்கிலத்தில் 'ட்ரஃப் லெவல்' (trough level) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'அகட்டளவு' என்று வைக்கலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். அலையின் மேட்டுக்கு முகடு, பள்ளத்துக்கு அகடு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம், சொல்லில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த இடத்துக்கு அது வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது. உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் அந்தப் பெயரைப் படித்ததுமே, காலை மாத்திரையைப் போடாமல் போய் இரத்தம் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகுதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று புரிந்துகொள்ள வேண்டும். அகடு அதைச் சொல்லவில்லை.

என் அண்ணனுக்குச் சிறுநீரகம் மாற்றிய புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். புது உறுப்பை உடல் எதிர்க்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை, காலை 7 மணி, இரவு 7 மணி. சீட்டில் 'ட்ரஃப் லெவல்' என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்து விஷயத்தில் ஒரு நிமிடம் பிசகாதவர், வழக்கம்போல 7 மணிக்கு விழுங்கிவிட்டு 9 மணிக்குப் போய்க் கையை நீட்டியிருக்கிறார். முந்தைய முறை மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம் இருந்தது, இப்போது 19. மாத்திரையைக் குறைத்து எழுதப் போன மருத்துவர், பேனாவை நிறுத்திவிட்டு, "காலைல மாத்திரை போட்டுட்டா வந்தீங்க?" என்று கேட்டார். விழுங்கிய ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள்தான் அந்த மருந்து இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அவர் கேட்காமல் இருந்திருந்தால், குறைத்த மாத்திரையோடு உண்மையான செறிவும் இறங்கி, உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கியிருக்கலாம். இன்றும் நினைத்தால் பதறுகிறது.

நாம் 'இரண்டு வேளை மருந்து', 'ஒரு வேளை விட்டுப்போச்சு' என்றுதானே பேசுகிறோம்? அடுத்த வேளைக்குச் சற்று முன்னால் எடுப்பது, அதனால் வேளைமுன். திருப்பிப் போட்டு 'முன்வேளை' என்றால் போன வேளை என்று ஆகிவிடும், அது ஆபத்து.

அப்புறம், 'அளவு' வேண்டாம், 'செறிவு' வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 'அளவு கூடிவிட்டது' என்றால் மாத்திரையின் அளவா, இரத்தத்தில் இருப்பதா? பூஞ்சைத் தொற்றுக்கு ஃபுளுகோனசோல் சேர்த்தால், டாக்ரோலிமஸ் மாத்திரையைத் தொடாமலேயே இரத்தத்தில் அது ஏறிவிடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் சரிந்துவிடும். மருந்தளவு அப்படியே இருக்க, செறிவு மட்டும் மாறுகிறது. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நோயாளியிடம் இதை எப்படி விளக்குவது?

பெயரில் குருதி என்பதா இரத்தம் என்பதா என்ற கேள்விக்கு, இரத்தமே போதும். டாக்ரோலிமஸ் பெரும்பாலும் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்வதால் பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியை) பிரிக்காமல் முழு இரத்தத்தில்தான் அளக்கிறார்கள், அதை 'முழு இரத்தச் செறிவு' என்று எழுதிவிடலாம்.

இன்னொன்று. டாக்ரோலிமஸைப் போலவே உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரினுக்குச் சில மருத்துவர்கள் மருந்து எடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். அகடு என்று தொடங்கினால் இதை முகடு என்று சொல்ல வேண்டிவரும், ஆனால் எல்லோருக்கும் உச்சம் சரியாக அந்த நேரத்தில் வருவதில்லை. வேளையை வைத்துத் தொடங்கினால் 'வேளைப்பின் இரண்டுமணிச் செறிவு' என்று நேராகச் சொல்லிவிடலாம். 'வேளைப்பின்' கொஞ்சம் கரடுமுரடாக ஒலிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இதைவிட நல்ல வடிவம் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.