புதுப்பிப்பு: பூல் (பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம்) மேஜைத் துணியில் படிந்த நீலப்பொடி

துணி முழுக்க, கோலின் நுனியில் தேய்க்கும் சாக் பொடி படிந்து பந்து மந்தமாக உருள்கிறது, ஈரத்துணியால் துடைக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கூடவே கூடாது என்றவர்களுக்கு நன்றி. ஒரு மூலையில் ஏற்கெனவே துடைத்துப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல அப்போது வெட்கம். அங்கே பொடி குழைந்து, மேகம் மாதிரி ஒரு திட்டாக நின்றுவிட்டது.

மற்ற இடமெல்லாம் தேறிவிட்டது. முதலில் மென்மையான பிரஷ், ஒரே திசையில், நேராக. வட்டமாகத் தேய்த்தால் பொடி இழைக்குள் இறங்கிவிடும். பிறகு வேக்குவம்: சுழலும் பிரஷ் இல்லாத முனை, குறைந்த இழுவை. மேஜை ஓரத்து ரப்பர் குஷனுக்கு அடியில் முனையை நுழைத்தபோது வந்த பொடியைப் பார்த்து மிரண்டே போனேன்.

அயர்ன் பண்ணச் சொன்னவருக்கு: அது மயிர் உள்ள ஸ்னூக்கர் துணிக்கு. என்னுடையது மயிர் இல்லாத, வழுவழுப்பான வூர்ஸ்டட் கம்பளி ரகம், அதனால் பண்ணவில்லை.

பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும் இடத்தில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் அப்படியேதான் இருக்கின்றன. அவை அழுக்கே இல்லையாம். பந்து உராயும் சூட்டில் இழை பொசுங்கிய தழும்பு.

பந்துகளையும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்தேன். பொடியில் பாதி அவற்றில்தான் ஒட்டியிருந்தது. இப்போதெல்லாம் மேஜைக்கு முதுகைக் காட்டித்தான் சாக் போடுகிறோம்.

திட்டு விழுந்த மூலைக்குத் தம்பி ‘மழைக்குழி’ என்று பேர் வைத்திருக்கிறான்.