ரோமில் உட்கார்ந்தால்தான் செலவு

குழு: கரூர் வீடு
சனிக்கிழமை (ரோம் நேரம்)

நிலா, காலை 8:40
எல்லோருக்கும் வணக்கம். விடுதியிலிருந்து கிளம்பியாச்சு. நல்ல குளிர், மேகமூட்டம். இன்றைக்கு முழுக்க நடைதான்.

அம்மா
இப்போதுதான் கிளம்புகிறாயா? இங்கே மத்தியானச் சாப்பாடே முடிந்துவிட்டது. ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா?

நிலா
போட்டிருக்கிறேன் அம்மா. மேலே மழைக்கோட்டும் இருக்கிறது.

கவின்
அக்கா, ஏப்ரலில் நானும் போலந்திலிருந்து ரோம் வரலாம் என்று இருக்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது? பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று குறைத்துச் சொல்லாதீர்கள்.

நிலா
படுக்கை தனிக் கணக்கு. தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எட்டுப் பேர் அறையில் ஒரு கட்டில். ராத்திரிக்கு இவ்வளவு என்று நகர வரியும் உண்டு. பதிவு செய்யும்போது காட்டும் தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, போய் நின்றதும் கேட்பார்கள். அது போகச் சாப்பாடு, காபி எல்லாம் சேர்த்து 15 யூரோவில் ஓட்டிவிடுகிறேன்.

அப்பா
15 யூரோ என்றால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஒரு நாளைக்கா?

அருள் அண்ணன்
சித்தப்பா, சென்னையில் மாலில் ஒரு படம், ஒரு பாப்கார்ன், பார்க்கிங். அவ்வளவுதான் அது.

நிலா
அப்பா, இந்த ஊரில் காசு போவது சாப்பாட்டுக்கு இல்லை, நாற்காலிக்கு. காபிக்கடையில் நின்றபடி குடித்தால் ஒரு யூரோ சில்லறைதான். அதே காபியை வெளியே மேசை போட்டிருக்கிற இடத்தில் உட்கார்ந்து குடித்தால் இரண்டு மடங்கு, பெரிய சதுக்கம் என்றால் இன்னும் மேலே. உள்ளூர்க்காரர்கள் யாரும் உட்காருவதில்லை. பல கடைகளில் முதலில் கல்லாவில் காசு கொடுத்துவிட்டு, அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கவுண்டரில் வைக்க வேண்டும். காபி வரும், இரண்டு மடக்கு, முடிந்தது, வெளியே வந்துவிடலாம்.

அப்பா
நம்ம பஸ் ஸ்டாண்ட் டீக்கடை மாதிரி.

நிலா
அதேதான். சீட்டு மட்டும் கூடுதல்.

நிலா, காலை 9:05
[வீடியோ]
கவின், இதை முக்கியமாகப் பார்த்துக்கொள். தெருவுக்குத் தெரு இப்படி இரும்புக் குழாய் நிற்கும். வளைந்த மூக்கு மாதிரி இருப்பதால் நசோனே என்கிறார்கள். 1874-லிருந்து வைத்திருக்கிறார்கள், ஊர் முழுக்க சுமார் 2,500 இருக்கிறதாம். தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கீழ் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கிற சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீய்ச்சும். குனிந்து அப்படியே குடிக்கலாம். ஜில்லென்று இருக்கிறது.

அம்மா
தெருக்குழாய்த் தண்ணீரா! பாட்டில் வாங்கிக் குடி கண்ணு.

நிலா
அம்மா, வீடுகளுக்கு வருகிற அதே குடிநீர்தான். இந்த ஊருக்காரர்களே இதில்தான் பாட்டில் நிரப்புகிறார்கள். கடையில் ஒரு பாட்டில் வாங்குகிற காசுக்கு ஒரு காபி குடித்துவிடலாம்.

அருள் அண்ணன்
நின்றுகொண்டே.

நிலா, காலை 10:15
[படம்]
இது மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசே. சான் பியெத்ரோ இன் வின்கோலி என்கிற சர்ச்சில் இருக்கிறது. கவூர் சாலையிலிருந்து ஒரு வளைவுக்குள் நுழைந்து செங்குத்தாகப் படியேறினால் வந்துவிடலாம். டிக்கெட் கிடையாது, பெரிய கூட்டமும் இல்லை. போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காகச் செய்தது. உட்கார்ந்திருக்கிற ஆள்தான், ஆனால் அடுத்த நொடி எழுந்துவிடுவார் போல ஒரு காலைப் பின்னால் இழுத்து வைத்திருக்கிறார். முன்னங்கையில் நரம்பு புடைத்திருப்பது தெரிகிறதா? பளிங்கில்!

அத்தை
எனக்குத் தாடிதான் தெரிகிறது. எத்தனை நாள் செதுக்கினாரோ.

கவின்
இலவசமா? கொலோசியத்துக்கு 18 யூரோ என்று போட்டிருந்தது. மாணவர் அட்டை இருந்தால் 2 யூரோவாமே?

நிலா
அந்த 2 யூரோ ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இருக்கிற 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு. நாம் ஐரோப்பாவில் படித்தாலும் பாஸ்போர்ட் இந்தியாதானே. மாணவர் அட்டையைக் காட்டி வாசலில் வாதாடி நேரத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு மியூசியங்கள் எல்லாம் இலவசம், கொலோசியமும் சேர்த்து. உன் தேதியை அதற்கு ஏற்ற மாதிரி வை. நான் வெளியிலிருந்து சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். என்னைக் கேட்டால், அது வெளியிலிருந்தே நிறைவாகத்தான் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. பெரும்பாலான சர்ச்சுகள் மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் சாத்திவிட்டுச் சாயங்காலம்தான் திறக்கும். காலையில் சர்ச், மத்தியானம் தெரு, திரும்பவும் சர்ச் என்று வைத்துக்கொண்டால் கால் வீணாகாது.

பெரியப்பா, காலை 11:10
நிலாக் கண்ணு, இப்போது எங்கே இருக்கிறாய்? ரோமானிய ஃபோரம், அந்தப் பழைய நகர மையத்தின் இடிபாடு, அந்தப் பக்கம் போனாயா?

நிலா
இப்போது அங்கேதான் இருக்கிறேன் பெரியப்பா. உள்ளே போகவில்லை. கேப்பிடலைன் குன்றின் மேலே நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒரு மாடம் மாதிரி இருக்கிறது. அங்கிருந்து மொத்த ஃபோரமும் காலடியில் தெரிகிறது. காசு இல்லை.

பெரியப்பா
நல்லது. அங்கிருந்து கொலோசியம் இருக்கும் திசையைப் பார். இடது கைப் பக்கம், சற்றுத் தள்ளி, மிகப் பெரிய மூன்று வளைவுகள் தெரிய வேண்டும். செங்கல் நிறம்.

நிலா
[படம்]
இதுதானே?

பெரியப்பா
அதுவேதான். மேக்சென்டியஸ் என்ற பேரரசன் தொடங்கி, அடுத்து வந்த கான்ஸ்டன்டைன் முடித்த மண்டபம். நான்காம் நூற்றாண்டு. நான் சொல்ல வந்தது அந்த மண்டபத்தைப் பற்றி அல்ல. அது நிற்கிற இடத்தில் அதற்கு முன்னால் மிளகுக் கிடங்கு இருந்தது. டொமிஷியன் என்ற பேரரசன் முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. மிளகும் மற்ற வாசனைச் சரக்கும் அடைத்து வைக்கவென்றே தனிக் கிடங்கு, அதுவும் ஊரின் நடு மையத்தில்.

அத்தை
நம்ம மிளகா அண்ணா?

பெரியப்பா
வேறு எங்கிருந்து போகும்? சேர நாட்டு மலைச்சரக்கு, முசிறித் துறையிலிருந்து செங்கடல் வழியாக எகிப்து, அங்கிருந்து ரோம். இந்தியாவுக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு போய்ச் சேருகிறது என்று பிளினி என்ற ரோமானிய எழுத்தாளன் புலம்பி எழுதியிருக்கிறான். அந்தக் காசில் கொஞ்சம்தான் நம் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது. கரூர் அருங்காட்சியகத்துக்கு உங்களையெல்லாம் கூட்டிப்போனேனே.

அருள் அண்ணன்
அப்பா, அன்றைக்கு வெளியே குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தீர்கள். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பெரியப்பா
உனக்கு அதுதான் இருக்கும்.

நிலா
பெரியப்பா, நீங்கள் சொல்லாவிட்டால் மூன்று வளைவு என்று ஒரு படம் எடுத்துவிட்டுப் போயிருப்பேன். பக்கத்தில் ஒரு வழிகாட்டி கூட்டத்துக்கு என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார், மிளகு மட்டும் வரவில்லை.

அத்தை, பிற்பகல் 12:50
கண்ணு, சாப்பிட்டாச்சா? அங்கே சைவம் கிடைக்கிறதா?

நிலா
இப்போதுதான் அத்தை. பெரிய தட்டில் நீளமாகச் சுட்ட பீட்சா வைத்திருப்பார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, தராசில் வைத்து, எடைக்குக் காசு. நான் ரோஸ்ஸா வாங்கினேன். தக்காளி, எண்ணெய், அவ்வளவுதான், சீஸ்கூடக் கிடையாது. அதுதான் மலிவும். கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பூசணிப்பூ பஜ்ஜி மாதிரி ஒன்று இருந்தது. சந்தோஷமாகக் கையை நீட்டப் போனேன். விசாரித்தால், பூவுக்குள் சீஸோடு நெத்திலி மாதிரி ஒரு மீனையும் வைத்துப் பொரிப்பார்களாம்.

அத்தை
அடக் கடவுளே. பூவுக்குள்ளே மீனா!

நிலா
சுப்ளி என்று ஒரு அரிசி உருண்டையும் இருக்கிறது. பார்க்கச் சாதுவாக இருக்கும். வழக்கமாக அதில் இறைச்சிக் குழம்பு கலந்திருப்பார்கள். கவின், நீ எதையும் தின்பாய், உனக்குக் கவலையில்லை.

பெரியப்பா
மிளகு போட்டு ஏதாவது இருக்குமே?

நிலா
இருக்கிறது பெரியப்பா. காச்சோ எ பெப்பே. நூடுல்ஸ் மாதிரி பாஸ்தா, அதில் செம்மறியாட்டுப்பால் சீஸும் மிளகும் மட்டும். ராத்திரிக்கு அதுதான்.

அருள் அண்ணன்
அத்தை, அந்தச் சீஸுக்குப் பாலை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததைத்தான் சேர்ப்பார்கள்.

அத்தை
அருளு, நீ பேசாமல் இருக்க மாட்டாயா? நிலா, நீ தக்காளியே சாப்பிடு சாமி.

நிலா, பிற்பகல் 2:20
[வீடியோ]
மழை பிடித்துக்கொண்டது. சரியாக அந்த நேரத்துக்கு பாந்தியன் என்கிற பழைய ரோமானியக் கோவிலுக்குள் இருக்கிறேன். பாருங்கள், கூரையின் நடுவில் ஒன்பது மீட்டர் அகலத்துக்கு ஓட்டை. மூடி கிடையாது. மழை நேராக உள்ளே கொட்டுகிறது. கீழே அந்த இடத்தை மட்டும் கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்கள். தரை நடுவில் லேசாக மேடு, தண்ணீர் வழிந்து பளிங்கில் இருக்கிற சின்னச் சின்னத் துளைகளில் இறங்கிவிடுகிறது. ஹேட்ரியன் பேரரசன் காலத்துக் கட்டடம், ஏறத்தாழ 1,900 வருஷமாக இப்படியே நனைகிறது.

அப்பா
அந்தக் குவிமாடத்தில் கம்பியே கிடையாது, தெரியுமா? வெறும் கான்கிரீட். 43 மீட்டர் அகலம், தரையிலிருந்து உயரமும் அதே 43. மேலே போகப் போகக் கனம் குறைந்த கல்லாகப் பார்த்துக் கலந்திருக்கிறார்கள். எங்கள் காலேஜில் வாத்தியார் இதற்கே ஒரு வகுப்பு முழுக்க எடுத்தார்.

நிலா
அப்பா, நீங்கள் இங்கே வந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். இதற்கு மட்டும் 5 யூரோ கொடுத்தேன். 2023 ஜூலைக்கு முன்னால் இதுவும் இலவசமாக இருந்ததாம்.

அம்மா
மழையில் கல் தரை வழுக்கும். பார்த்து நட.

நிலா
உண்மைதான் அம்மா. தெருவெல்லாம் கைப்பிடி அளவுக் கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள். நனைந்தால் எண்ணெய் தடவிய மாதிரி. கவின், மெல்லிய அடி வைத்த ஷூ போட்டு வராதே. சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் தெரியும்.

நிலா, மாலை 3:30
பக்கத்திலேயே சான் லூயிஜி தெய் பிரான்செசி என்கிற சர்ச். உள்ளே இடது பக்கம் கடைசிச் சிற்றறையில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று பெரிய படங்கள். புனித மத்தேயுவைப் பற்றியவை. இருட்டாக இருக்கும். பக்கத்தில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி. காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். சில்லறை போட வேண்டாம் கவின். ஐந்து நிமிஷம் பொறு, ஏதாவது ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து போடும்.

கவின்
அக்கா, கலை ரசனையில் இப்படி ஒரு பிரிவு இருப்பது தெரியாமல் போச்சே.

நிலா
நான் ஒரு தடவை போட்டுவிட்டேன். அடுத்த இரண்டு தடவை ஒரு ஸ்பானியக் குடும்பம்.

நிலா, மாலை 4:25
[படம்]
இரண்டு தெரு தள்ளி சான்ட் அகோஸ்தினோ. இதுவும் கரவாஜ்ஜோ. இன்றைக்குப் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். மாதா குழந்தையோடு வாசலில் நிற்கிறாள், கீழே ஒரு கிழவனும் கிழவியும் மண்டியிட்டுக் கும்பிடுகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கிழவனின் உள்ளங்கால் நம் முகத்துக்கு நேரே இருக்கிறது. அவ்வளவும் அழுக்கு. தூரத்திலிருந்து நடந்தே வந்த ஆள். வரைந்த காலத்தில் இந்தக் காலைப் பார்த்துச் சனங்கள் பெரிய கூச்சல் போட்டார்களாம், சர்ச்சில் வைக்கிற படமா இது என்று.

பெரியப்பா
பாதயாத்திரை போனவன் கால் பின் எப்படி இருக்கும்?

அம்மா
பாவம். அந்தக் கிழவியைப் பார், தலையில் துணி கட்டியிருக்கிறாள். நம்ம பக்கத்து ஆத்தா போலவே இருக்கிறாள்.

நிலா
இங்கே பெஞ்சில் அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊரில் கூரைக்குக் கீழே காசு கேட்காமல் உட்கார விடுகிற இடம் சர்ச் பெஞ்சு ஒன்றுதான் போல. பேசக் கூடாது, அவ்வளவுதான்.

நிலா, மாலை 6:10
[படம்]
ஸ்பானியப் படிக்கட்டு. மழை விட்டுவிட்டது. படியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, பாருங்கள்.

அருள் அண்ணன்
ஒருத்தரும் இல்லையே. இவ்வளவு கூட்டம் இருக்கிறது, எல்லோரும் நிற்கிறார்கள்.

நிலா
2019-லிருந்து உட்காரத் தடை. 250 யூரோ அபராதம். அழுக்குப் பண்ணினால் 400 வரை போகும். தெரியாமல் ஒரு பையன் உட்கார்ந்தான், போலீஸ்காரர் விசில் ஊதி எழுப்பிவிட்டார்.

அருள் அண்ணன்
உட்கார இருபத்தைந்தாயிரம் ரூபாய். உன் நாற்காலிக் கணக்கு இங்கேயும் சரியாகத்தான் வருகிறது.

அம்மா
கூட்டத்தில் பையை முன்னால் போட்டுக்கொள். பாஸ்போர்ட் எங்கே?

நிலா
பாஸ்போர்ட் விடுதி லாக்கரில், நகல் கையில். பை முன்னால்தான். கையில் கயிறு கட்டிவிட வருகிறவர்களிடம் கையையே நீட்டுவதில்லை. சும்மா என்று கட்டிவிட்டுப் பிறகு காசு கேட்பார்கள். பார்க்காத மாதிரி நடந்துவிட வேண்டும்.

அப்பா
நாளைக்கு என்ன திட்டம்?

நிலா
நாளை மாதத்தின் கடைசி ஞாயிறு. வத்திக்கான் மியூசியம் இலவசம். 9 மணிக்குத் திறந்து, பன்னிரண்டரைக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றால்தான் உண்டு. விடுதியிலிருந்து நடந்தால் ஒரு மணி நேரம். ஐந்தரைக்கு எழுந்தால் சரியாக இருக்கும்.

அப்பா
விடியாத நேரத்தில் தனியாக ஒரு மணி நேர நடை வேண்டாம். பஸ்ஸில் போ. எவ்வளவு?

நிலா
ஒன்றரை யூரோ. 100 நிமிஷம் செல்லும். ஆனால் அந்தப் பக்கம் போகிற 64-ம் நம்பர் பஸ் பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனது. மெட்ரோவில் போகிறேன். அதே டிக்கெட்தான்.

அப்பா
சரி, அந்த 150 ரூபாயை நான் போட்டுவிடுகிறேன்.

அம்மா
ஐந்தரை என்றால் இங்கே பத்து மணி. நான் போன் பண்ணி எழுப்புகிறேன். சத்தத்தை அணைத்து வைக்காதே.

அருள் அண்ணன்
சித்தப்பா, நானும் திங்கட்கிழமை மெட்ரோவில்தான் ஆபீஸ் போகிறேன்.