அவசரம்: புது 4×4 வண்டி திரும்பும்போதெல்லாம் குதிக்கிறது, ஷோரூமில் 'அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள்

புதுச்சாவி:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி எடுத்து மூன்று வாரம் ஆகிறது. நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி இறுகி, அப்புறம் டக்கென்று குதிக்கிறது. டயர் தரையில் தேய்கிற சத்தம் வேறு. சர்வீஸில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு "ஆஃப்ரோடு வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாளை விடிகாலை குடும்பத்தோடு நீண்ட பயணம். போகலாமா வேண்டாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

டயர்பித்தன்:
என்ன வண்டி? என்ன டயர்? கம்பெனி டயரா, மாற்றியதா? காற்று எவ்வளவு? நூற்றுக்குத் தொண்ணூறு இது டயர்தான். பெரிய டயர் போட்டால் முழுதாக ஒடிக்கும்போது மட்கார்டில் உரசும்.

சத்தம்கேட்பவன்:
உரசினால் குதிக்காது. திரும்பும்போது டக் டக் என்றால் சிவி ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்டில் வளைந்துகொடுக்கிற மூட்டு. காலி மைதானத்தில் வட்டமடித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சத்தம் வருகிறதோ அந்தப் பக்கம் போய்விட்டது.

டயர்பித்தன்:
மூன்று வாரத்தில் சிவி ஜாயின்ட் போகுமா? டயர்தான் ஐயா.

நெம்புகோல்:
வண்டிப் பெயர் இல்லை, எத்தனை கிலோமீட்டர் என்று இல்லை, எந்த கியரில் என்று இல்லை. டாக்டரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கேட்கிற கதை. வண்டியோடு ஒரு புத்தகம் கொடுத்திருப்பார்களே தம்பி, அதன் பிளாஸ்டிக் உறையையாவது கிழித்தீர்களா?

புதுச்சாவி:
பெயர் வேண்டாமே, வாரண்டி பிரச்சினை ஆகிவிடும். 1,100 கிமீ ஓடியிருக்கிறது. டயர் ஷோரூமிலேயே பேக்கேஜில் போட்டுக் கொடுத்த பெரிய டயர். எல்லா கியரிலும்தான் குதிக்கிறது, ரிவர்ஸிலும்.

டயர்பித்தன்:
பார்த்தீர்களா. பேக்கேஜ் டயர்.

மண்ரோடு:
புதுச்சாவி, ஒரே ஒரு கேள்வி. கியர் லீவருக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு லீவர் இருக்கிறதா, அல்லது திருகுகிற குமிழ்? அது இப்போது எதில் நிற்கிறது? மீட்டரில் ஏதாவது விளக்கு எரிகிறதா?

புதுச்சாவி:
லீவர் இருக்கிறது. 4எச்சில் இருக்கிறது. மீட்டரில் பச்சையாகச் சின்ன வண்டிப் படம், நான்கு சக்கரமும் எரியும். டெலிவரி கொடுத்த பையன் "மழைக்காலம் சார், இதிலேயே வைத்திருங்கள், பிடிப்பு நன்றாக இருக்கும், பாதுகாப்பு" என்று போட்டுக் கொடுத்தான். அப்போதிலிருந்து தொடவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சத்தம்கேட்பவன்:
ஐயோ.

மண்ரோடு:
சம்பந்தம் முழுக்க அதுதான். பயப்படாதீர்கள், முதலில் ஏன் என்று சொல்கிறேன்.

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் போவதில்லை. முன் பின் சக்கரங்களுக்கு நடுவே இரண்டரை மீட்டர் இருக்கிற வண்டி, பின் ஆக்சிலின் நடு 5 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிற மாதிரி திரும்பினால், முன் ஆக்சிலின் நடு ஏறக்குறைய 5.6 மீட்டர் ஆரத்தில் போகும். ஒரு முழு வட்டத்துக்குப் பின்னால் 31 மீட்டர் சொச்சம், முன்னால் 35. கிட்டத்தட்ட நான்கு மீட்டர் வித்தியாசம். உங்களுடையது போன்ற பார்ட்-டைம் 4×4 வண்டியில், அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுக்கிற வண்டியில், 4எச் (நான்கு சக்கர ஓட்டம், சாதா வேகம்) போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ், இன்ஜின் சக்தியை முன்னும் பின்னும் அனுப்புகிற பெட்டி, முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். அப்போது அந்த நான்கு மீட்டர் எங்கே போகும்? மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. காய்ந்த தார் ரோட்டில் டயர் வழுக்காது, அதனால் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஷாஃப்ட், கியர் எல்லாம் முறுக்கிக்கொண்டே போய், தாங்காத கட்டத்தில் ஒரு டயர் விட்டுக்கொடுக்கும். அதுதான் உங்கள் 'டக்'.

சரி, செய்ய வேண்டியது: லீவரை 2எச்சுக்கு, அதாவது இரண்டு சக்கர ஓட்டத்துக்கு, தள்ளிப் பாருங்கள். முறுக்கு ஏறியிருந்தால் வராது. பலம் காட்டாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு மெதுவாகச் சில மீட்டர் ரிவர்ஸ் போங்கள், தானாகத் தளர்ந்து வந்துவிடும். விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். அப்புறம் ஊருக்குப் போய் வந்ததும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும் ஷாஃப்ட் ஜாயின்ட்களையும் பார்க்கச் சொல்லுங்கள். டெலிவரியில் என்ன சொன்னார்கள் என்பதை ஜாப் கார்டில் (சர்வீஸில் புகாரை எழுதுகிற சீட்டு) எழுதவையுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

நெம்புகோல்:
இதைத்தான் நான் முதலிலேயே சொல்ல வந்தேன், தகவல் தராததால் விட்டேன். 4×4 எதுவாக இருந்தாலும் தார் ரோட்டில் போடக் கூடாது, இது அரிச்சுவடி. இதுகூடத் தெரியாதவர்களுக்கு எதற்கு இந்த வண்டி என்பது என் நெடுநாள் கேள்வி.

மண்ரோடு:
'எதுவாக இருந்தாலும்' என்பது தப்பு அண்ணா. 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரே நிரந்தர நான்கு சக்கர ஓட்டம்தான், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் ஒன்று நடுவில் இருந்ததால் தாரிலும் ஓடியது. அதே மாதிரி 1991 பஜேரோவில் 2எச், 4எச் இரண்டுமே தாருக்கு ஆகும். பூட்டிய 4எச் என்று தனியாக ஒன்று இருக்கும். லீவரில் ஒரே எழுத்து, உள்ளே வேறு வேறு சாமான். அதனால்தான் வண்டிப் பெயர் கேட்கிறோம். அவர் சொல்ல மாட்டேன் என்கிறார், ஆனால் குதிப்பே பதில் சொல்லிவிட்டது.

கணக்குப்பிள்ளை:
நெம்புகோல் கேட்ட தொனி பிடிக்கவில்லை, கேள்வி பிடித்திருக்கிறது. புதுச்சாவி கோபிக்க வேண்டாம், மண் ரோடு எவ்வளவு ஓட்டுவீர்கள்? என் அலுவலகத்தில் நான்கு பேரிடம் இந்த ரக வண்டி இருக்கிறது. நால்வரும் 4எல் (நான்கு சக்கர ஓட்டம், மெதுவாக இழுக்கிற கியர்) போட்டதே இல்லை. கூடுதல் எடை, கூடுதல் எண்ணெய்ச் செலவு, கூடுதல் பராமரிப்பு, எதற்கு?

பழையவிற்பனை:
பல வருடம் ஷோரூமில் இந்த வண்டிகளை விற்றவன் நான், இப்போது வேறு தொழில். அந்த டெலிவரிப் பையனைத் திட்டாதீர்கள், அவனுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளையின் கேள்வியை நாங்கள் வாடிக்கையாளரிடம் கேட்கவே மாட்டோம். 'எங்கே ஓட்டுவீர்கள்?' என்று கேட்டால் அலுவலகம், பள்ளிக்கூடம் என்பார், அதோடு 4×4 போச்சு, சாதா வேரியன்ட் போதும் என்று அவரே முடிவுக்கு வந்துவிடுவார். 'எங்கே போக ஆசை?' என்று கேட்க வேண்டும். உடனே ஆள் மலை, காடு, ஆற்றோரம் என்று ஆரம்பிப்பார், பக்கத்தில் இருக்கும் பிள்ளையும் சேர்ந்துகொள்ளும். அதற்கப்புறம் நாங்கள் பேச வேண்டியதே குறைவு. முகப்பில் ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி, சரிவுப் பலகை மேல் நிறுத்தியிருக்கிற வண்டி இருக்கிறதே, அதைப் பார்த்த கண்ணுக்குப் பக்கத்தில் தரையில் நிற்கிற வண்டி எல்லாம் சப்பென்று தெரியும். வேலையே அதுதான்.

டெஸ்ட் டிரைவுக்கு ஒரு வழி வைத்திருப்போம். குண்டும் குழியுமான துண்டு ஒன்று கட்டாயம் இருக்கும், அங்கே வேகம் குறைக்காமல் ஓட்டச் சொல்வோம். குறுகலான யூ-டர்ன் இருக்காது, நெருக்கிப் பார்க்கிங் செய்கிற இடம் இருக்காது, காற்றுச் சத்தம் கேட்கிற வேகத்துக்கு ரோடும் இருக்காது. ஆக, அன்றாடம் படப்போகிற பாடு ஒன்றுமே அந்தப் பதினைந்து நிமிடத்தில் வராது.

விலை என்று வந்தால் மொத்தத்தைச் சொல்லக் கூடாது. சாதா வேரியன்ட்டுக்கும் 4×4க்கும் உள்ள வித்தியாசத்தைத் தவணை மாதங்களால் வகுத்து 'மாதம் இவ்வளவுதான் சார் கூட' என்போம். அதற்கும் அசையாவிட்டால் சாதா வேரியன்ட் வர மாதங்கள் ஆகும், இது மட்டும் யாரோ ரத்து செய்த புக்கிங், நாளைக்குள் சொன்னால் உங்களுக்கு. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

கடைசியில் டெலிவரி. ரிப்பன், போட்டோ, போனை வண்டியோடு இணைப்பது, அதற்கு அரை மணி நேரம். குட்டி லீவருக்கு அரை நிமிடம்கூட இல்லை. இவர் அதிர்ஷ்டசாலி, லீவர் இருப்பதாவது தெரிந்திருக்கிறது.

சத்தம்கேட்பவன்:
இதை ஒரு தனி இழையாகவே போடலாம் நீங்கள்.

காட்டுப்பூனை:
எல்லோரும் வாங்குகிறவரை முட்டாளாக்குகிறீர்கள். எனக்கு உயரமாக உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கப் பிடிக்கும். முழங்கால் வலிக்கிற அம்மாவுக்குத் தாழ்வான காரில் குனிந்து ஏறுவதைவிட இது சுலபம். வருடத்தில் இரண்டே நாள் மண்ணில் இறங்கினாலும் அந்த இரண்டு நாளுக்காக மற்ற நாளெல்லாம் ஓட்டுகிறேன். கணக்குப்பிள்ளை வீட்டில் வருடம் இரண்டு முறை கட்டுகிற பட்டுச்சேலையே இல்லையா?

கணக்குப்பிள்ளை:
பட்டுச்சேலை எண்ணெய் குடிக்காது. ஆசைக்கு என்று சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன். 'பாதுகாப்பு' என்று சொல்லும்போதுதான் எரிச்சல்.

பழையவிற்பனை:
அந்தச் சொல் எங்களுடையதுதான். ஆசைப்பட்டவருக்கு வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும், அதைக் கையில் கொடுத்து அனுப்புவோம். க்ளோட்டேர் ரபாய் என்ற ஆலோசகர் க்ரைஸ்லருக்கு ஜீப் பற்றிச் சொன்னதாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு: மக்கள் மனதில் ஜீப் என்பது கார் இல்லை, குதிரை, குதிரைக்கு வட்டக் கண், ஆகவே விளக்கும் வட்டமாக வேண்டும் என்றாராம். ரேங்லரில் 1987 மாடலில் சதுரமாக இருந்த விளக்கு 1997 மாடலில் மறுபடி வட்டமானது என்னவோ நிஜம். குதிரை வாங்குகிறவன் லிட்டர் கணக்கா பார்ப்பான்?

மண்ரோடு:
பாதுகாப்புப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், இது புதுச்சாவிக்கும் தேவை. நான்கு சக்கர ஓட்டம் நின்ற இடத்திலிருந்து கிளம்ப, ஏற, சேற்றிலிருந்து வெளியே வர உதவும். நிற்க உதவாது. பிரேக் எந்தச் சாதாரண காரிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு, ஈரத் தரையில் நிறுத்துவது டயரும் வேகமும்தான். 4எச் விளக்கைப் பார்த்துவிட்டு மழையில் வேகமாகப் போனால் அதுதான் ஆபத்து. உயரமான வண்டி சட்டென்று ஒடித்தால் கவிழும் வாய்ப்பும் தாழ்வான காரைவிட அதிகம். இப்போதைய வண்டிகளில் சறுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு இருப்பதால் அது குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

நெம்புகோல்:
உங்கள் எல்லோருக்கும் பயம். ஸ்னார்க்கல், வின்ச், அடித்தட்டுக் கவசம் எல்லாம் போட்டு நான் ஓட்டுகிறேன். ஸ்னார்க்கல் இருந்தால் பானெட் முழுகும் தண்ணீரிலும் போகலாம்.

மண்ரோடு:
ஸ்னார்க்கல் இன்ஜின் மூச்சுக் குழாயைத்தான் மேலே தூக்குகிறது. ஆக்சிலும் கியர்பாக்ஸும் மூச்சு விடும் குழாய்கள், மின்சார இணைப்புகள், கதவு ரப்பர், இதெல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கும். வண்டியே ஒரு கட்டத்தில் மிதக்கும். தயாரிப்பாளர் எழுதிய ஆழம்தான் ஆழம். புது டிஃபெண்டர் ஸ்னார்க்கல் இல்லாமலே 900 மி.மீ. வரை போகும் என்று தருகிறார்கள், ஏனென்றால் முழு வண்டியும் அதற்கென்றே அமைத்தது.

நெம்புகோல்:
என் அனுபவம் வேறு.

காட்டுப்பூனை:
அனுபவத்தில் எத்தனை முறை பானெட் முழுகினீர்கள் அண்ணா?

நெம்புகோல்:
நேரம் வரும்போது முழுகும்.

டயர்பித்தன்:
எல்லோரும் டயரை மறந்துவிட்டீர்கள். பேக்கேஜில் போட்ட டயர் நான்கும் ஒரே அளவா? ஸ்டெப்னி பழைய அளவாகவே இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பஞ்சராகி அதை மாட்டிவிட்டு 4எச் போட்டால் நேர் ரோட்டில்கூட முறுக்கு ஏறும். விட்டம் 5 சதவீதம் கூடினால் மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 105இல் போவீர்கள், அதையும் ஷோரூமில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
புதுச்சாவி எங்கே? கேட்டவரைக் காணோம், நாம் பஞ்சாயத்து நடத்திக்கொண்டிருக்கிறோம்.

புதுச்சாவி:
மன்னிக்கவும், மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். முதலில் லீவர் அசையவில்லை. சொன்னபடி நேராக ரிவர்ஸ் எடுத்தேன், அடியில் 'டொங்' என்று ஒரு சத்தம், லீவர் வெண்ணெய் மாதிரி வந்துவிட்டது. விளக்கு அணைந்தது. தெருவிலேயே மூன்று வட்டம் போட்டுப் பார்த்தேன், குதிக்கவே இல்லை, ஸ்டீயரிங்கும் லேசாகிவிட்டது. மண்ரோடு, உங்களுக்குக் கோடி நன்றி. மண்ணில் ஓட்டுவேனா என்று கேட்டவருக்கு: இந்தப் பயணத்தில் ஓட்டலாம் என்று மகள் சொல்கிறாள், பார்ப்போம்.

ஒன்று மட்டும், 80க்கு மேல் போனால் 'ஊஊ' என்று ஒரு சத்தம் வருகிறது, அதுவும் இந்த லீவர்தானா?

டயர்பித்தன்:
டயர்! டயர்! பெரிய கட்டை வைத்த டயர் தாரில் அப்படித்தான் ஊளையிடும். ஆனால் முதலில் ஸ்டெப்னி அளவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சத்தம்கேட்பவன்:
வீல் பேரிங்காகவும் இருக்கலாம். வளைவில் சத்தம் கூடுகிறதா குறைகிறதா?

டயர்பித்தன்:
புதுச்சாவி? கிளம்பிவிட்டீர்களா?