மெயின் ஃப்யூஸைப் பாத்தியா முதல்ல?

குரூப்: நம்ம வீடு 🏠

சனிக்கிழமை, இரவு 9:48

அருண்: மாமா லைன்ல இருக்கீங்களா

அருண்: கார் ஒரு மாதிரி ஆயிடுச்சு

லதா அத்தை: ஐயோ ஆக்சிடெண்டா??

அருண்: இல்ல அத்தை. வண்டி நின்ன இடத்துலயேதான் நிக்குது. யீஷூன் மல்டி ஸ்டோரி கார் பார்க், 4ஆவது மாடி.

அருண்: ஊருக்குப் போய் வந்ததுல வண்டிய எடுக்கவே இல்ல. இன்னைக்கு சாவி திருப்பினா டிக் டிக்னு சத்தம் மட்டும். பக்கத்து லாட் அங்கிள் தன் வண்டிய கொண்டாந்து, அதோட பேட்டரிலேர்ந்து கேபிள் போட்டு ஜம்ப் குடுத்தாரு. இருட்டுல கேபிள மாத்தி மாட்டிட்டாரு.

பிரியா: மாத்தின்னா?

அருண்: நம்ம பேட்டரி பிளஸ்ல கறுப்பு, மைனஸ்ல சிவப்பு. நம்ம பேட்டரில சிவப்பு மூடி எப்பவோ காணாம போச்சு, ரெண்டு முனையும் ஒரே மாதிரி வெள்ளையா பூத்துக் கிடக்கு. தீப்பொறி பறந்துச்சு, உள்ள எங்கயோ டப்னு ஒரு சத்தம், வயர் கருகின வாடை.

அம்மா: கைல ஒண்ணும் படலயே?

அருண்: இல்லம்மா

அருண்: அப்புறம் சரியா மாட்டினதும் உடனே ஸ்டார்ட் ஆச்சு. ஆனா டேஷ்போர்டுல பேட்டரி லைட்டு, ஸ்டீயரிங் லைட்டு ரெண்டும் எரியுது. ஸ்டீயரிங் கல்லு மாதிரி திரும்பவே மாட்டேங்குது. ரேடியோ இல்ல, ரோட்டுக்கும் கார் பார்க்குக்கும் காசு பிடிக்கிற ஓபியு திரையும் கறுப்பு. கேபிள கழட்டின கொஞ்ச நேரத்துல இஞ்சின் தானா நின்னு போச்சு.

சித்தப்பா: பேட்டரி செத்துருச்சு. புதுசு மாட்டு, வேலை முடிஞ்சுது. ஃபோன் பண்ணா கார் பார்க்குக்கே வந்து மாட்டிட்டுப் போறான்.

அருண்: ஒரு ஒர்க்‌ஷாப்ல ஃபோன்ல கேட்டேன் சித்தப்பா. இஞ்சின் கம்ப்யூட்டர் ஈசியு போயிருக்கும், டோ பண்ணிக் கொண்டா, 1,800 வெள்ளி ஆகும்ங்கிறாரு.

பிரியா: வண்டிய பாக்காமலேவா?

பிரியா: வண்டி வச்சிருக்க உரிமம் தர்ற சிஓஇ முடிய இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கு. அந்தக் காசுக்கு ஸ்க்ராப் பண்றதப் பத்தியே யோசிக்கலாம்.

இரவு 10:06

மணி மாமா: இப்பதான் பாக்குறேன். ஈப்போல கல்யாண வீட்டுல நிக்கிறேன், ஒரே மேளச் சத்தம். ஃபோன் பேச முடியாது, எழுதுறேன்.

மணி மாமா: மாப்ள, முதல்ல பேட்டரிய பாரு. வீங்கியிருக்கா? தொட்டா சூடா இருக்கா? அழுகின முட்டை நாத்தம் வருதா? இதுல ஒண்ணு இருந்தாலும் கிட்ட போகாத, கேபிள் மாட்டாத, சார்ஜும் போடாத.

அருண்: ஒண்ணும் இல்ல மாமா. சாதாரணமாத்தான் இருக்கு.

மணி மாமா: நல்லது. அப்ப ஈசியு கதைய விடு. இஞ்சினுக்கு பெட்ரோல் தெளிக்கிறதும் ஸ்பார்க் குடுக்கிறதும் ஈசியுதான். அது போயிருந்தா வண்டி ஸ்டார்ட்டே ஆகியிருக்காது. உன் வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடி, அப்புறம்தான் நின்னிருக்கு. அதுதான் துப்பு.

மணி மாமா: ஸ்டார்ட்டருக்குப் போற தடி வயர் பேட்டரிலேர்ந்து நேரா போகும். இஞ்சின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர்லேர்ந்து வர்ற கரண்ட் மட்டும் மெயின் ஃப்யூஸ் வழியாத்தான் வந்தாகணும். உனக்கு அந்த ஃப்யூஸ் எரிஞ்சிருக்கு. பேட்டரில இருந்த மிச்சத்த வச்சே இஞ்சின் ஓடியிருக்கு, தீந்ததும் நின்னிருக்கு.

பிரியா: அப்ப ஸ்டீயரிங் ஏன் மாமா இறுகுச்சு?

மணி மாமா: உங்க வண்டில எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். மோட்டார்தான் திருப்பி விடுது. அது ரொம்ப கரண்ட் குடிக்கும், வோல்ட் குறைஞ்சா அதுதான் முதல்ல கைய விரிக்கும். இல்ல அதுக்குன்னு இருக்கிற பெரிய ஃப்யூஸ் போயிருக்கலாம். நாளைக்குத் தெரியும்.

சித்தப்பா: மச்சான், ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதான்னு பாக்க வண்டி ஓடும்போதே பேட்டரி மைனஸ கழட்டினா போதுமே. இஞ்சின் நிக்காம ஓடினா நல்லா இருக்குன்னு அர்த்தம். நாங்க அந்தக் காலத்துல அப்படித்தான் பாப்போம்.

மணி மாமா: வேணாம்!!! யாரும் அப்படிச் செய்யாதீங்க. கார்புரேட்டர் வண்டில செஞ்சது அது. பேட்டரிய கழட்டின நிமிஷம் ஆல்டர்னேட்டர் வோல்ட் எகிறும். இப்ப நல்லா இருக்கிற ஈசியுவும் அப்ப நெசமாவே போயிடும். அப்புறம் அந்த 1,800 வெள்ளி சரியான விலைதான்.

சித்தப்பா: 👍

மணி மாமா: அருணு, மீட்டர் இருக்கா?

அருண்: சிம் லிம் டவர்ல வாங்கின மஞ்சக் கலர் மல்டிமீட்டர் இருக்கு.

மணி மாமா: டிசி 20ல வச்சு பேட்டரிய பாத்துச் சொல்லு.

அருண்: 10.9

மணி மாமா: ஓட்டாண்டி. முழுசா சார்ஜ் ஆகி ஓய்வா இருக்கிற பேட்டரி 12.6 காட்டணும். 12 காட்டினாலே முக்கால்வாசி காலின்னு வச்சுக்கோ. இத வச்சுக்கிட்டு வேற எத சோதிச்சாலும் பொய்தான் சொல்லும். முதல்ல சார்ஜ் போடணும். யார்கிட்ட சார்ஜர் இருக்கு?

சித்தப்பா: என்கிட்ட இருக்கு 😌

சித்தப்பா: சுவா சூ காங்லேர்ந்து இப்பவே கொண்டு வரேன்.

மணி மாமா: பேட்டரிய கழட்டும்போது மைனஸ் முதல்ல. பிளஸ்ஸ முதல்ல கழட்டினா ஸ்பேனர் பாடில பட்டு மறுபடியும் வாணவேடிக்கை. மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசில.

அம்மா: வீட்டுக்குள்ளயா பேட்டரி? துணி காயுற இடத்துலயா?

மணி மாமா: சர்வீஸ் யார்டுல வைம்மா, ஜன்னல் எல்லாம் திறந்து இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பக்கத்துல அடுப்பு, ஊதுபத்தி கூடாது.

அம்மா: சரிண்ணே. நாளைக்கு சாமி விளக்கு ஹால்லயே ஏத்திக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9:20

அருண்: ராத்திரி பூரா சார்ஜ் போட்டு, காலைல கழட்டி கொஞ்சம் ஆற விட்டு பாத்தேன். 12.5

மணி மாமா: பேட்டரி பொழச்சிருச்சு. புதுசு வாங்கச் சொன்னது யாரு?

சித்தப்பா: சார்ஜர் குடுத்தது யாரு?

மணி மாமா: 😂 சரி சரி. மாப்ள, மாட்டினதும் இஞ்சின் ஸ்டார்ட் பண்ணாத. ஆல்டர்னேட்டர் பின்னாடி ரப்பர் மூடி போட்ட ஒரு போல்ட்டு இருக்கும், தடி வயர் ஒண்ணு அதுல வரும். மீட்டர் கறுப்பு வயர பேட்டரி மைனஸ்ல வை, சிவப்ப அந்த போல்ட்டுல வை. வேற இரும்புல படாம பாத்துக்கோ.

அருண்: 0.00

அருண்: ரெண்டு தடவை பாத்துட்டேன்

மணி மாமா: அங்க பேட்டரி வோல்ட் அப்படியே வரணும். வரலன்னா நடுவுல மெயின் ஃப்யூஸ் அறுந்திருக்கு. இஞ்சின் பக்கத்து ஃப்யூஸ் பெட்டிய திற. மூடிக்கு உள்பக்கம் படம் போட்டிருக்கும். 100, 120னு பெரிய நம்பர் எழுதின ஒண்ண தேடு. மேல கண்ணாடி ஜன்னல் மாதிரி இருக்கும்.

அருண்: 📷 படம்

அருண்: 120. ஜன்னல் உள்ள கறுத்துக் கிடக்கு. இழுத்தா வரல.

மணி மாமா: இழுக்காத! அது சின்ன ஃப்யூஸ் மாதிரி குத்தி வைக்கிறது இல்ல, அடில போல்ட் போட்டு முறுக்கியிருப்பாங்க. பெட்டிய தூக்கித்தான் கழட்டணும். அது மெக்கானிக் வேலை. உன் வேலை சின்ன ஃப்யூஸ். ஒவ்வொண்ணு முதுகுலயும் ரெண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும். சாவிய ஆன்ல வச்சு, மீட்டர் கறுப்ப பேட்டரி மைனஸ்லயே விட்டு, சிவப்ப ரெண்டு புள்ளிலயும் ஒண்ணொண்ணா வை. ரெண்டுலயும் 12 வந்தா நல்லது, ஒண்ணுல மட்டும் வந்தா அறுந்தது. ரெண்டுலயும் வரலன்னா அதுக்குக் கரண்ட் குடுக்கிற பெரிய ஃப்யூஸ் போயிருக்கலாம், அத எழுதி வை.

பிரியா: மாமா ஒரு சந்தேகம். ஃப்யூஸ் போச்சுன்னா புது ஃப்யூஸ் போட்டா முடிஞ்சுதா?

மணி மாமா: நல்ல கேள்வி. முடியல. ஆல்டர்னேட்டருக்குள்ள டையோடு இருக்கு, சாதாரணமா 6. கரண்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடும். பேட்டரி சரியா இருக்கிற வரைக்கும் அதெல்லாம் அடைச்ச கதவு. கேபிள் மாறினா ஆறும் ஒரே நேரத்துல திறந்துக்கும். அப்ப பிளஸ்லேர்ந்து மைனஸுக்கு நேர் வழிதான். நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃப்யூஸ் முதல்ல அறுந்தா டையோடு தப்பிக்கும். டையோடு முந்திக்கிட்டா அதுவும் போகும். ரெண்டுமே ஒரு நொடிக்குள்ள நடக்கிற போட்டி.

மணி மாமா: ஒரு டையோடு ஷார்ட் ஆகி ரெண்டு பக்கமும் கரண்ட்ட விட்டுக்கிட்டுக் கிடந்தா பேட்டரி ராத்திரில தானா காலியாகும், சில சமயம் புது ஃப்யூஸும் டப்னு போகும். அதனால மெக்கானிக்க ஆல்டர்னேட்டர் வயர கழட்டி டையோடு மோடுல சோதிச்சுட்டு அப்புறம் ஃப்யூஸ் போடச் சொல்லு.

அருண்: சின்ன ஃப்யூஸ்ல சிவப்பு 10 ஒண்ணு அறுந்திருக்கு. மூடிப் படத்துல ஆடியோன்னு இருக்கு. ஸ்டீயரிங்குக்கான பெரிய ஃப்யூஸ் நல்லா இருக்கு.

மணி மாமா: சிவப்பு 10க்கு சிவப்பு 10 மட்டும். கைல நீலம் 15 இருக்குன்னு அத போடாத.

பிரியா: ஓபியு? கேட்ல பேரியர் தூக்குமா?

மணி மாமா: அது உயிரோட இல்லாட்டி பேரியரும் படிக்காது, ரோட்டுக் கட்டணம் பிடிக்கிற இஆர்பியும் படிக்காது. மெயின் ஃப்யூஸ் போட்டப்புறம் தானா வருதான்னு பாருங்க. வரலன்னா அங்கீகாரம் உள்ள ஒர்க்‌ஷாப்தான். அதுக்குள்ள யாரும் கை வைக்கக்கூடாது.

சித்தப்பா: எல்லை தாண்டி ஜோகூர் பாருக்கு ஓட்டிட்டுப் போய்டலாமே, பாதி விலைல முடியும்.

மணி மாமா: சார்ஜ் ஏறாத வண்டில காஸ்வே ஜாமா? ஹெட்லைட்டு, பிரேக் லைட்டு, ஏர்கான் ஃபேன்... நடுப் பாலத்துல நின்னு போகும். அதுக்கு முன்னாடி சிங்கப்பூர் சட்டப்படி முக்கால் டேங்க் பெட்ரோல் வேற ஊத்தணும்.

லதா அத்தை: இங்க தாலி கட்டுற நேரத்துலயும் இவரு தலைய குனிஞ்சு டைப் பண்ணிட்டே இருக்காரு. பொண்ணு வீட்டுக்காரங்க என்னன்னு கேக்குறாங்க.

திங்கட்கிழமை, மாலை 6:35

அருண்: மெக்கானிக் கார் பார்க்குக்கே வந்தாரு. நீங்க சொன்னபடி டையோடு மோடுல பாத்தாரு. ஷார்ட் இல்ல, ஒரு பக்கம் நம்பர் காட்டுது, மறுபக்கம் ஒண்ணும் இல்ல. 120 ஃப்யூஸ் மாத்தியாச்சு. ஓபியு வந்துருச்சு, ஸ்டீயரிங் லைட் அணைஞ்சிருச்சு 🎉

மணி மாமா: எல்லா டையோடையும் வெளிலேர்ந்து பாக்க முடியாது. அறுந்து கிடக்கிறது தெரியவே தெரியாது. இஞ்சின் ஓடும்போது பேட்டரில எவ்வளவு?

அருண்: சும்மா 13.4. ஹெட்லைட்டும் புளோயரும் போட்டா 12.5

மணி மாமா: ம்ம். 13.8லேர்ந்து 14.5க்குள்ள நிக்கணும், லோடு போட்டாலும் 13.5க்குக் கீழ வரக்கூடாது. டையோடு போயிருந்தா டிசி கரண்ட்டோட ஏசி கரண்ட்டும் கலந்து வரும். இப்ப லோடோட மீட்டர ஏசி வோல்ட்டுல வச்சுப் பாரு.

அருண்: ஏசில 29 வோல்ட் காட்டுது!!! ஷாக் அடிக்குமா

மணி மாமா: 😂 பயப்படாத. இஞ்சின நிறுத்திட்டு அதையே பாரு, அப்பவும் 20க்கு மேல காட்டும். விலை குறைஞ்ச மீட்டர் டிசியையும் ஏசின்னு எண்ணிக்கும். மெக்கானிக் மீட்டர்ல பாக்கச் சொல்லு.

அருண்: அவரு மீட்டர்ல ஏசி 0.9

மணி மாமா: அதுதான் ஆள். நல்ல ஆல்டர்னேட்டர்ல 0.1 கூட வராது, 0.5 தாண்டினா டையோடு போனதுன்னு எடுத்துக்கலாம். ஒண்ணோ ரெண்டோ அறுந்திருக்கு. மத்தது இழுத்துக்கிட்டு ஓடுது. அதான் லோடு போட்டா விழுது.

பிரியா: ஆக ஈசியு இல்ல, பேட்டரியும் இல்ல.

மணி மாமா: ரீகண்டிஷன் ஆல்டர்னேட்டர் போதும், ஒன்றரை வருஷத்துக்குப் புதுசு எதுக்கு. மெக்கானிக் ஸ்கேனர் போட்டா எரர் கோட் வரிசையா வரும். எல்லாம் வோல்ட் விழுந்தப்ப பதிஞ்சதா இருக்கலாம். அழிச்சிட்டு ரெண்டு நாள் ஓட்டினப்புறம் திரும்பி வர்றது எதுவோ அதுதான் கணக்கு. ஏர்பேக் லைட்டு மட்டும் அணையலன்னா உடனே சொல்லு.

வியாழக்கிழமை, இரவு 8:15

அருண்: ஆல்டர்னேட்டர் மாத்தியாச்சு. லோடோட 14.1. மெக்கானிக் மீட்டர்ல ஏசி 0.03. எல்லா லைட்டும் அணைஞ்சிருச்சு.

மணி மாமா: சபாஷ். இப்ப அந்த அங்கிள் வண்டிய பாத்தியா?

அருண்: அவரு வண்டிக்கு என்ன மாமா? அது நல்லாத்தானே ஓடுது

மணி மாமா: அடி ரெண்டு வண்டிக்கும்தான் விழுந்திருக்கும். உதவிக்கு வந்தவரு வண்டி இஞ்சினும் ஓடிட்டுத்தானே இருந்துச்சு? அவரு ஆல்டர்னேட்டரும் அந்த ஷார்ட்டுக்குக் கரண்ட் தள்ளியிருக்கும். அவரு ஒரு காலைல ஆபீஸ் கிளம்பும்போது நிக்கிறதுக்கு முன்னாடி நீ போய் அளந்து குடு. ஹைபிரிட்டா அது?

அருண்: இல்ல, சாதா பெட்ரோல்

மணி மாமா: தப்பிச்சாரு. நிறைய ஹைபிரிட்ல ஆல்டர்னேட்டர் கிடையாது, பெரிய பேட்டரிலேர்ந்து 12 வோல்ட் எடுத்துக் குடுக்கிற கன்வர்ட்டர்தான். அதுல அடி விழுந்திருந்தா பெரிய செலவு.

இரவு 8:52

அருண்: அளந்துட்டேன். லோடோட 14.2. நல்ல மீட்டர் இல்லாததால ஏசி பாக்கல, மெக்கானிக் சனிக்கிழமை இந்தப் பக்கம் வர்றாராம், அப்ப பாக்கச் சொல்லியிருக்கேன். அங்கிள் வண்டில சிகரெட் லைட்டர் சாக்கெட் மட்டும் அன்னைக்கிலேர்ந்து வேலை செய்யலயாம். ஃபோன் சார்ஜர் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு புதுசு ஒண்ணு வாங்கிட்டாரு.

மணி மாமா: 15 இல்ல 20 ஃப்யூஸா இருக்கும். மூடிப் படத்த பாத்து அதே நம்பர போட்டுக் குடு.

அம்மா: அப்படியே அவங்க வீட்டுக்கு முறுக்கு டப்பா ஒண்ணு எடுத்துட்டுப் போ. ராத்திரில இறங்கி வந்து உதவினாங்க பாவம்.

சித்தப்பா: என் சார்ஜர் எங்க?

அம்மா: சர்வீஸ் யார்டுலதான் இருக்கு தம்பி. வந்து எடுத்துக்கோங்க, துணி காயப் போட இடம் இல்ல.